மதாம் லெரூ வழி கேட்ட கதை

காரைக்கால் மூன்று கிணற்றுத் தெருவில், ஒரு வியாழக்கிழமை காலை, பிரெஞ்சுப் பாடப் புத்தகத்தின் முதல் பாடத்திலிருந்து முசே லெரூவும் மதாம் லெரூவும் இறங்கி வந்தார்கள். வியாழக்கிழமை அந்தத் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் வரும் நாள் என்பதால் எட்டு மணி வரைக்கும் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புத்தகம் இரண்டே வண்ணத்தில் அச்சடித்த பழைய புத்தகம். அதனால் இருவர் கோட்டும் நீலம், மதாமின் குடை சிவப்பு, மற்ற இடமெல்லாம் வெறும் தாள் நிறம். அச்சகத்தில் சிவப்பு மை கொஞ்சம் நகர்ந்துவிட்டிருந்ததால் மதாமின் உதட்டுச் சாயம் உதட்டில் இல்லாமல் நூலிழை தள்ளி வலப்புறம் நின்றது. பக்கத்தில் போனால் ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிற அன்று வருமே, அந்த வாசனை வந்தது.

முதலில் பார்த்தவள் செலின். குடத்தை இடுப்பில் வைத்தபடி அவள் அவர்களைப் பார்த்தாள், போன வாரம் வகுப்பில் படித்த படம் அப்படியே எதிரே நிற்பதைக் கண்டு, வாத்தியார் சொல்லிக்கொடுத்தபடியே, "போன்ஜூர், எப்படியிருக்கிறீர்கள்?" என்று பிரெஞ்சில் கேட்டாள். "நலம், நன்றி, நீங்கள்?" என்றார் முசே லெரூ. "நலம், நன்றி" என்றாள் செலின். குடம் நிரம்பி வழிந்த தண்ணீரில் மதாமின் காலணி நனைந்து ஓரம் சுருண்டது. அவ்வளவுதான் வந்த கதை. ஏன் வந்தார்கள் என்று அந்தத் தெருவில் இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை. யார் வீட்டில் தங்குவார்கள் என்பதற்குத்தான் அடிதடி நடந்தது.

மூன்று கிணற்றுத் தெருவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அங்கே பாதி வீடுகள் சொல்தா வீடுகள், அதாவது தாத்தாவோ தாத்தாவின் அப்பாவோ பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்த வீடுகள். தாத்தா எங்கே சண்டை போட்டார் என்று கேட்டால் பேரனுக்குத் தெரியாது. ஆனால் தாத்தாவின் மெடல் கூடத்துச் சுவரில் கண்ணாடிக்குள் இருக்கும், வெள்ளிக்கிழமை தோறும் துடைக்கப்படும். அந்த மெடலின் புண்ணியத்தில் வீட்டுப் பையனுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. குடியுரிமை உள்ள பையனுக்குப் பல் கொஞ்சம் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தாலும் தேறாத படிப்பே படித்திருந்தாலும், பெண் வீட்டார் வரிசையில் நிற்பார்கள்.

செலின் அப்படி வரிசையில் நின்று கொடுக்கப்பட்ட பெண்தான். திருவாரூரில் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். நுண்ணோக்கியில் கண்ணை வைத்தால் மலேரியாவா யானைக்காலா என்று டாக்டர் கேட்கும் முன் சொல்லிவிடுவாள் என்று பேர் எடுத்தவள். அவளைக் கட்டிக்கொண்ட கிரெகுவார் பாரிசுக்குப் பக்கத்தில் ஏதோ ஓர் ஊரில் ஒரு பெரிய கடையின் கிடங்கில் இருந்தான். என்னவாக இருந்தான் என்பதை அவன் அம்மா மதலேன் ஆளுக்குத் தகுந்தபடி சொன்னாள். கல்யாணம் முடிந்து இருபத்தோரு நாள் அவன் ஊரில் இருந்தான், பதினேழு வீட்டில் விருந்து சாப்பிட்டான், விமானம் ஏறினான். அது நடந்து நாலு வருஷம்.

"பிரான்சு போற பொண்ணு, கண்டவன் மூத்திரத்தப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கணுமா? வேலைய வுடு. நாலு வார்த்த பிரெஞ்சு படி. பேட்டியில கேப்பாங்க" என்றாள் மதலேன். செலின் விட்டாள், படித்தாள்.

விசாப் பேட்டிக்கு இன்னும் தேதி வரவில்லை. அதற்குக் கிரெகுவார் தரப்பிலிருந்து ஒரு காகிதம் வரவேண்டியிருந்தது, அது அடுத்த மாதம் வருவதாக இருந்தது. நாலு வருஷமாக அது அடுத்த மாதத்திலேயே இருந்தது.

ஜெராக்ஸ் கடைக்கு மேலே 'பாரீஸ் ஸ்போக்கன் பிரெஞ்சு இன்ஸ்டிடியூட்' நடத்திய தனசீலன், அன்றாடச் சூழ்நிலைகளுக்கான எளிய பிரெஞ்சு என்று பலகை போட்டிருந்தான். புத்தகத்தில் மொத்தம் பன்னிரண்டு பாடம். அவன் எட்டோடு நிறுத்திவிடுவான், ஏனென்றால் அவனுடைய வாத்தியாரும் எட்டோடு நிறுத்தியவர். நலம் விசாரிப்பது, காபி கேட்பது, குடும்பத்தைப் பற்றிச் சொல்வது, ரயில் நிலையத்துக்கு வழி கேட்பது, வானிலை, ரொட்டிக் கடை, மணி என்ன, விடைபெறுவது. எட்டு முடிந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவான். செலின் மூன்றாவது தடவையாக ஒன்றாம் பாடத்தில் இருந்தபோதுதான் லெரூ தம்பதி வந்தார்கள்.

யாருடைய மெடல் பெரிது என்று அளந்து பார்த்ததில் மதலேன் வென்றாள். மாடி அறை அவர்களுக்கு ஒதுக்கப்பட்டது. நாலு நாளில் தெரு அவர்களைத் தனக்குள் எடுத்துக்கொண்ட விதத்தைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். ரேஷன் அட்டை வந்தது. தகப்பனார் பெயர் என்ற இடத்தில் 'பாடம் ஒன்று' என்று எழுதியிருந்தது. மாதா கோயிலில் அவர்களை எந்தப் பக்கம் உட்கார வைப்பது, அவர்கள் எந்த வகையறா என்பதற்குப் பங்குப் பேரவை இரண்டு கூட்டம் போட்டது. பரலோகத்தில் எல்லோரும் ஒன்று என்று வாரந்தோறும் பாடுகிறவர்கள்தான், ஆனால் இது பூலோகத்து பெஞ்சு. கடைசியில், தொட்டுப் பார்த்ததில் தாள் வழவழப்பான உயர்ந்த ரகத் தாள், ஆகவே முன்வரிசை என்று முடிவாயிற்று.

பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் லெரூ தம்பதியை முன்கூட்டியே சொல்லிவைத்து அழைத்துப்போய்ச் சோபாவில் உட்கார வைத்தார்கள். "நம்ம வூட்டுக்கு ரொம்பப் பழக்கம்" என்று பெண்ணின் அப்பா சொல்ல, முசே லெரூ "ஒரு காபி, தயவுசெய்து" என்று பிரெஞ்சில் சொல்ல, மாப்பிள்ளை வீட்டார் மலைத்துப்போய் அங்கேயே தேதி குறித்தார்கள். பிரெஞ்சுத் தேசிய நாளான ஜூலை பதினாலு விழாவுக்கு அவரே சிறப்பு விருந்தினர். மெடல் குத்திய கிழவர்கள் விறைத்து நிற்க, ஒலிபெருக்கிக்கு முன்னால் அவர் "மணி என்ன?" என்று கேட்டார். அந்தப் பேச்சின் ஆழத்தில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

எதிர்வீட்டு ரீட்டாக்காவின் மாமனார் செத்துப்போனபோது முசே லெரூ பெட்டிக்கு அருகில் போய்த் தொப்பியைக் கழற்றி, "வானிலை அழகாக இருக்கிறது" என்றார். கிழவரின் மனைவி அழுகையை நிறுத்தி, கைகூப்பி, "மெர்சி முசே" என்றாள். இப்படி ஒரு சாவுக்கு வெள்ளைக்காரர் வந்து ஆறுதல் சொன்னது அந்தத் தெருவிலேயே இதுதான் முதல் தடவை என்று கருமாதி வரைக்கும் பேசிக்கொண்டார்கள். ரீட்டாக்கா மட்டும் செலினிடம் வந்து, "ஏண்டி, இந்தாளு மூளையில எதாவது இருக்கா, இல்ல நெசமாவே வெறும் பேப்பருதானா?" என்று கேட்டாள்.

"எட்டுப் பாடம் இருக்குக்கா" என்றாள் செலின்.

மதாம் லெரூவின் விஷயம் வேறு. தினமும் காலை ஒன்பது மணிக்கு அவர் குடையை விரித்துக்கொண்டு படி இறங்குவார், தெருவில் எதிர்ப்பட்ட முதல் ஆளிடம், "ரயில் நிலையம் எங்கே?" என்று பிரெஞ்சில் கேட்பார். தெருவே இதற்காகக் காத்திருக்கும். முக்காட்டோடு தலை குனிந்து போகிற கிழவிகூட இதற்கென்று நிமிர்ந்து நின்று, "நேராகப் போங்கள், பிறகு இடது பக்கம்" என்று மணிமணியாகப் பிரெஞ்சில் சொல்வாள். புத்தகத்தில் அதுதான் பதில். மதாம் நன்றி சொல்லி, நேராகப் போய், இடது பக்கம் திரும்புவார். காரைக்காலில் மூன்று கிணற்றுத் தெருவிலிருந்து நேராகப் போய் இடது பக்கம் திரும்பினால் மீன் மார்க்கெட். பதினோரு மணிக்குக் கோட்டின் ஓரத்தில் செதில் ஒட்டிக்கொண்டு திரும்பி வருவார். மதாமுக்கு மீன் என்றால் உயிர் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். மதலேன் மறக்காமல் சங்கரா மீன் வறுத்து மாடிக்கு அனுப்பினாள். மறுநாள் ஒன்பது மணிக்கு மதாம் மறுபடி கேட்பார். செலினும் எத்தனையோ தடவை பதில் சொல்லியிருக்கிறாள், உச்சரிப்பு இன்று நன்றாக வந்தது என்று மனசுக்குள் மதிப்பெண்ணும் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஆறு மாதத்தில் தெருவின் தமிழும் மாறிப்போயிற்று. குழாயடியில் சண்டை இல்லை. குடத்தைத் தள்ளி வைத்தவளும் தள்ளப்பட்டவளும், "எப்படியிருக்கிறீர்கள்?" "நலம், நன்றி, நீங்கள்?" என்று பேசிக்கொண்டார்கள். கடன்காரன், குடிகாரப் புருஷன், கொள்ளி மாமியார் எல்லாரும் இருந்தார்கள், எட்டுப் பாடத்தில் அவர்கள் இல்லாததால் அவர்களைப் பற்றிப் பேச்சு மட்டும் இல்லை. தெரு நாகரிகமாகிவிட்டது என்று மதலேன் பெருமைப்பட்டாள். அவளுக்கு நாகரிகம் என்றால் யாரும் எதையும் கேட்காமல் இருப்பது.

அந்த ஐப்பசியில் செலினுக்குத் திருவாரூரிலிருந்து கடிதம் வந்தது. பரிசோதனைக் கூடத்துப் பெரிய டெக்னீஷியன் ஓய்வுபெறுகிறார், ஒன்றாம் தேதிக்குள் வந்து சேர்ந்தால் அந்த இடம் உனக்கு, அதற்குமேல் என்னால் வைத்திருக்க முடியாது என்று டாக்டரம்மா தன் கைப்பட எழுதியிருந்தார். மதலேன் அதை வாங்கிப் படித்து, மடித்து, தாத்தாவின் மெடல் சட்டத்துக்குப் பின்னால் செருகினாள்.

"கிரெகு அடுத்த மாசம் காகிதம் அனுப்புறேன்னு சொல்லியிருக்கான். இந்த நேரத்துல வேலைக்குப் போனா நாலு பேரு என்ன நெனப்பாங்க? அங்க எதோ தகராறுன்னு நெனக்கமாட்டாங்களா?"

"தகராறு இல்லதான அத்தை?"

"வாயக் கழுவு."

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கிரெகுவார் போன் பண்ணுவான். கூடத்தில் பூத்துணி போர்த்தி வைத்த பழைய போனில்தான் பண்ணுவான், ஏனென்றால் மகன் பேசுவது ஜன்னல் வழியாகத் தெருவுக்கும் தெரியவேண்டும் என்பது மதலேனின் ஏற்பாடு. அந்த ஞாயிறு செலின் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எட்டுப் பாடத்தையும் வரிசையாக எழுதி வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். மணி அடித்தது, தாளும் பேனாவும் கையிலேயே இருக்க எடுத்தாள்.

"நல்லா இருக்கியா?" என்றான் கிரெகுவார்.

"நல்லா இருக்கேங்க."

"சாப்டியா? அம்மா மாத்திர போடுறாங்களா? அங்க மழையா?"

அவள் அறியாமலே கையிலிருந்த பேனா தாளில் குறி போட்டுக்கொண்டு போயிற்று. ஒன்று, நலம் விசாரிப்பது. இரண்டு, சாப்பாடு. மூன்று, குடும்பம். ஐந்து, வானிலை. பேனா நின்றது. போன வாரமும் இதுதான். அதற்கு முந்தின வாரமும் இதுதான். நாலு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் இந்தக் காலண்டர் தாளைத் தாண்டாது. தன் புருஷனோடு அவள் குடும்பம் நடத்தியதெல்லாம் அன்றாடச் சூழ்நிலைகளுக்கான எளிய தமிழில்.

"என்னங்க" என்றாள். "நான் அங்க வந்தா எந்த ரூம்ல இருப்பேன்? ஜன்னல் எந்தப் பக்கம் பாத்து இருக்கு?"

மறுமுனையில் ஒரு தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. யாரோ பாத்திரத்தில் கரண்டியால் தட்டினார்கள். கேள்வி ரொம்பப் பெரிதில்லை. ஜன்னல் இருக்கிற வீட்டில் இருக்கிறவன் திரும்பிப் பார்த்துச் சொல்லலாம்.

"அங்க மழையா?" என்றான் கிரெகுவார்.

"மழ இல்லைங்க. ஜன்னல் கேட்டேன்."

"இங்க குளிரு. சரி, வெச்சுடவா?"

எட்டு, விடைபெறுவது. அவள் அதற்கும் குறி போட்டாள்.

"ஜன்னல்னு என்னடி கேள்வி அது? புருஷன்கிட்ட கேக்குற கேள்வியா?" என்று மதலேன் சமையலறையிலிருந்து கத்தினாள். செலினுக்கு அழுகை வந்தது. அழுதாள். அதற்கும் எட்டுப் பாடத்தில் இடம் இல்லாததால் மாடியிலிருந்து இறங்கி வந்த முசே லெரூ அவளைப் பார்த்து, "வானிலை அழகாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முப்பத்தோராம் தேதி காலை மழை பிடித்துக்கொண்டது. பதினோரு மணிக்கு மீன் மார்க்கெட்டிலிருந்து திரும்பிய மதாம் லெரூ வாசலிலேயே நின்றுவிட்டார். குடை கம்பி முறிந்து தொங்கியது. கோட்டின் நீலம் கரைந்து விரல் நுனியில் சொட்டியது, தாள் ஊறிக் கன்னம் உப்பியிருந்தது. துடைக்கத் துணி எடுத்து ஓடி வந்த செலினைப் பார்த்து அவர் கேட்டார்: "ரயில் நிலையம் எங்கே?"

நேராகப் போங்கள் என்று செலின் வாயைத் திறந்துவிட்டாள். அப்போதுதான் அவள் கண்ணில் அது பட்டது. மதாமின் இடது கையில் ஒரு சின்னப் பெட்டி. நாலாம் பாடத்துப் படத்தில் அந்தப் பெட்டி எப்போதுமே உண்டு. ஆறு மாதமாக இந்தத் தெருவில் தினமும் பெட்டியோடு ஒரு மனுஷி ரயில் நிலையத்துக்கு வழி கேட்டுக்கொண்டிருக்கிறாள், தெரு முழுக்க அவளுக்குப் பாடம் ஒப்பித்துக்கொண்டிருக்கிறது. அவள் நிஜமாகவே போகவேண்டும் என்று கேட்கிறாள் என்பது ஒருத்தருக்கும் தோன்றவில்லை. நுண்ணோக்கியில் கிருமி கண்டுபிடிக்கிற எனக்குமா தோன்றவில்லை என்று செலின் வெட்கப்பட்டாள். தன்மேலேயே கோபம் கோபமாக வந்தது.

"வாங்க மதாம்" என்றாள் தமிழில். "ஸ்டேஷன் வலது பக்கம். நான் காட்டுறேன்."

தாத்தாவின் மெடலைச் சுவரிலிருந்து கழற்றி, பின்னால் இருந்த கடிதத்தை எடுத்து, மெடலைத் தலைகீழாக மாட்டினாள்; வேண்டுமென்று இல்லை, அவசரம். மதலேன் பூசைக்குப் போயிருந்தாள். முசே லெரூ கூடத்தில் உட்கார்ந்து காலி நாற்காலியிடம் காபி கேட்டுக்கொண்டிருந்தார். செலின் தன் பையில் நாலு புடவையைத் திணித்து, கரையாமல் இருக்க மதாமின் தலையில் ஒரு பிளாஸ்டிக் உறையைப் போர்த்தி, அவர் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். வலது பக்கம் திரும்பினார்கள். ஜன்னல்களிலிருந்து தெரு திடுக்கிட்டுப் பார்த்தது. "இடது! இடது பக்கம்!" என்று ஜெராக்ஸ் கடை மாடியிலிருந்து தனசீலன் பிரெஞ்சில் கூவினான்.

டிக்கெட் ஜன்னலுக்கு முன்னால் மதாம் லெரூ பெட்டியைக் கீழே வைத்தார். நிமிர்ந்தார். தள்ளி நின்ற உதட்டுச் சாயத்தோடு, செலின் இதுவரை கேட்டேயிராத ஒரு வாக்கியத்தை அவர் நிதானமாகச் சொன்னார். தனசீலனும் அவனுடைய வாத்தியாரும் ஒருநாளும் போகாத ஒன்பதாம் பாடத்து வாக்கியம் அது. செலினுக்கு அது புரிய மொழி வேண்டியிருக்கவில்லை, ஏனென்றால் மதாம் சொல்லிக்கொண்டே இரண்டு விரலைக் காட்டினார். ஒரு விரலைத் தன் பக்கம் மடக்கினார். இன்னொன்றைச் செலின் பக்கம் நீட்டினார்.

உள்ளே இருந்தவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். அவர் வேறு தெருக்காரர், மரியாதை எல்லாம் தெரியாது.

"ரெண்டா? எந்த ஊருக்கும்மா?"

நாலு வருஷமாக எல்லாரும் அவளிடம் எப்போது போகிறாய் என்றுதான் கேட்டார்கள். எந்த ஊருக்கு என்று கேட்ட முதல் மனுஷன் இவர். "திருவாரூரு" என்றாள். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டாள். பின்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நாகூர் தாண்டும்போது மழை விட்டது. மதாம் ஜன்னலோரம் உட்கார்ந்து காற்றில் உலர்ந்தார், கன்னம் பழையபடி வழவழப்பாயிற்று. திருவாரூரில் செலின் இறங்கினாள். மதாம் இறங்கவில்லை. பத்தாம் பாடம் எந்த ஊரில் நடக்கிறது என்று செலினுக்குத் தெரியாது. வண்டி நகர்கிறவரை கையாட்டிக்கொண்டு நின்றாள், பிறகு ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குப் போனாள்.

மூன்று கிணற்றுத் தெரு இதையும் எடுத்துக்கொண்டது. செலின் எங்கே என்று கேட்பது ஒன்று முதல் எட்டு வரை எந்தப் பாடத்திலும் இல்லாததால் ஒருவரும் கேட்கவில்லை. முசே லெரூவும் மனைவியைத் தேடவில்லை. இரண்டு ஞாயிறு கழித்து ரீட்டாக்கா பரிசோதனைக் கூடத்துக்குப் போன் பண்ணினாள். சிரிப்பில் அவளுக்கு மூச்சு வாங்கியது.

"அடியே, சேதி கேட்டியா? நேத்து நாலு மணிக்கு ஒன் புருஷன் போனு. ஒன் மாமியாரு கோயிலுக்குப் போயிட்டா. நான் ஜன்னலண்ட நிக்கிறேன். இந்த முசே போய் எடுக்குறாரு. போன்ஜூர்ங்கிறாரு. நலம், நன்றி, நீங்கள்ங்கிறாரு. வானிலை அழகா இருக்குங்கிறாரு. பத்து நிமிசம்டி! ரெண்டு பேரும் பேசுறாங்க, பேசுறாங்க, அப்புடி ஒரு ஒத்தும. அப்புறம் ஓர்வுவாருன்னு வெச்சுட்டாரு."

"அவரு ஒண்ணுமே கேக்கலியாக்கா?" என்றாள் செலின்.

"கேக்கலியே! இன்னிக்கி காலையில ஒங்கத்தைக்குப் போன் பண்ணிச் சொன்னானாம். செலினு பிரெஞ்சு நல்லா தேறிட்டா, ஆனா தொண்ட கட்டிப்போயி ஆம்பள கொரலு மாதிரி இருக்கு, கஷாயம் வெச்சுக் குடுங்கன்னானாம். ஒங்கத்தையும் கஷாயம் வெச்சுட்டா. முசே குடிக்கிறாரு."

செலின் போனை வைத்துவிட்டு, மேசையில் காத்திருந்த அடுத்த ரத்தத் துளியை நுண்ணோக்கிக்குக் கீழே நகர்த்தினாள். ஜன்னல் கிழக்குப் பார்த்து இருந்தது.